எக்ஸிட் போர்டும் எமர்ஜென்சி லைட்டும் ஒன்றாக வரும் காம்போ: கடைக் கட்டடத்துக்கு எதை வாங்குவது?

மூன்றுமாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் அப்பா கட்டிய கட்டடத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கீழே ஜவுளிக்கடை, முதல் மாடியில் பல் மருத்துவர், இரண்டாவது மாடியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம், மூன்றாவது மாடியில் ஆடிட்டர் அலுவலகமும் ஒரு சின்னக் கூட்ட அரங்கும் இருக்கின்றன. லிஃப்ட்டை ஒட்டி முன்பக்கம் ஒரு மாடிப்படி, பின்னால் சந்துக்கு இறங்கும் மாடிப்படி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு மாடியிலும் 24 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலத்தில் ஒரு காரிடார்.

போன மாதம் ஒரு நாள் மாலை ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது. வாட்ச்மேன் கீழே போய் ஜெனரேட்டரை எடுக்க ஒன்றரை நிமிடம் பிடித்தது. அதற்குள் இரண்டாவது மாடிப் படியில் ஒரு மாணவி கால் தவறி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். "படி எங்கே முடியுதுன்னே தெரியலக்கா" என்றாள். அதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் 22 காம்போ போடச் சொல்கிறார். பச்சை எக்ஸிட் போர்டு, இரு பக்கமும் கண் மாதிரி இரண்டு லைட், உள்ளேயே பேட்டரி. இன்னொருவர் போர்டு தனி, லைட் தனி என்கிறார். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எது நல்லது? பேட்டரி எந்த வகை கேட்டு வாங்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலக்ட்ரிகல்_கடை_செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

காம்போவே வாங்குங்கள் மேடம். போர்டு தனி, லைட் தனி என்றால் இரண்டு பாயின்ட், இரண்டு வயர், இரண்டு பேட்டரி. மாதா மாதம் டெஸ்ட் பட்டனை அழுத்தும் வேலையும் இரண்டு மடங்கு. காம்போ என்றால் ஒரு இடத்தில் பார்த்தால் போதும். பத்து வருடமாக விற்கிறேன், பெரிதாகப் புகார் வந்ததில்லை.

வயர்மேன்_கொண்டலாம்பட்டி எழுதியது:

அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆனால் எந்த மாடல் என்பதற்கு முன்னால் அதற்கு எங்கிருந்து லைன் கொடுப்பது என்று கேளுங்கள் மேடம். நான் பார்த்தவரை பத்தில் எட்டு எமர்ஜென்சி லைட் செத்துப்போவது கம்பெனி சரியில்லாமல் அல்ல, கனெக்‌ஷன் சரியில்லாமல்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஷோரூமில் கூப்பிட்டார்கள். வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது, 14 லைட்டில் ஒன்றுகூட எரியவில்லை என்றார்கள். ஏணி போட்டு ஒன்றைக் கழற்றினேன். பேட்டரி மூன்று செல்லும் சுருங்க ஒட்டின பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு உப்பியிருந்தது. முனையில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும். முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ராத்திரி ஒன்பதரைக்குக் கடை மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைப்பையன் கிளம்பும்போது கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸில் மெயினை இறக்கிவிட்டுப் போனான். அவ்வளவுதான் விஷயம். மெயின் போனதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து 14 லைட்டும் எரிய ஆரம்பித்தன. ஆளில்லாத கடையில் பேட்டரி காலியாகும்வரை எரிந்திருக்கின்றன. காலையில் மெயினைப் போட்டால் சார்ஜ் ஏறும், முழுக்க ஏறுவதற்குள் மறுபடி ராத்திரி வந்துவிடும். வருடம் முழுக்கத் தினமும் இதே கதை. எந்தப் பேட்டரி தாங்கும்?

அதனால் காம்போவுக்குப் போகும் பேஸ் (கரண்ட் கொண்டுவரும் வயர்), சுவிட்ச் எதன் வழியாகவும் போகக்கூடாது. கடை பூட்டும்போது எந்த எம்.சி.பி.யை (ஃபியூஸுக்குப் பதிலாக இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை) இறக்குகிறார்களோ அதன் கீழும் இருக்கக்கூடாது. அதே சமயம், காரிடார் லைட் எந்த சர்க்யூட்டில் இருக்கிறதோ அதே சர்க்யூட்டில்தான் எமர்ஜென்சி லைட்டும் இருக்க வேண்டும், சுவிட்சுக்கு முன்னால் எடுத்து. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரிந்த ஆள்தான் உங்களுக்கு வேண்டும்.

மூன்றுமாடி எழுதியது:

இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. எங்கள் ஜவுளிக்கடையிலும் ராத்திரி மெயினை இறக்கிவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒரு சந்தேகம். ஏன் அதே சர்க்யூட்? கொட்டேஷன் கொடுத்தவர் எல்லா எமர்ஜென்சி லைட்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடலாம், அப்போது எப்போதும் கரண்ட் இருக்கும் என்றார்.

வயர்மேன்_கொண்டலாம்பட்டி எழுதியது:

அதுதான் வேண்டாம் என்கிறேன் மேடம். இரண்டாவது மாடிக் காரிடாரில் ஒரு லைட்டில் ஷார்ட் ஆகி அந்த எம்.சி.பி. மட்டும் ட்ரிப் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரிடார் முழுக்க இருட்டு. எமர்ஜென்சி லைட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் அதற்குக் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். வெளியே இருட்டு என்பது அதற்குத் தெரியாது. எரியாது. தீப்பிடிக்கும்போது முதலில் போவது ஊர்க் கரண்ட் இல்லை, தீப்பிடித்த இடத்து வயர்தான்.

மஞ்சக்குட்டை_விடுதி எழுதியது:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். 11 அறை உள்ள சின்ன விடுதி எங்களுடையது.

சேலத்தில் உங்களுக்கு வெயில் எதிரி, எங்களுக்கு ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் தாழ்வாரத்துக்குள்ளேயே வந்து நிற்கும். முதலில் போட்ட காம்போக்கள் ஐபி 20 ரகம், வீட்டுக்குள் மாட்டுவதற்கானவை. ஒன்றரை வருடத்தில் சர்க்யூட் போர்டில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. ஒன்றுக்குள் எறும்பு புற்றே கட்டியிருந்தது. இப்போது தாழ்வாரத்திலும் வெளிப்படியிலும் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 போட்டிருக்கிறேன். அறைகளுக்கு நடுவே உள்ள உள்வழிக்குச் சாதாரணமே போதும். எல்லா இடத்துக்கும் ஐபி 65 வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு மழை ராத்திரியில் சில்வர் ஓக் மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போனது, வருவதற்கு மறுநாள் மதியம் ஆனது. எங்கள் எமர்ஜென்சி லைட்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் எரிந்தன, அப்புறம் ஒவ்வொன்றாக அணைந்தன. விருந்தினர் ஒருவர், "எமர்ஜென்சி லைட் என்கிறீர்கள், ராத்திரி முழுக்க எரியவில்லையே" என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த லைட்டின் வேலை அது இல்லை. ஆட்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவருவதுதான் அதன் வேலை. ராத்திரி முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் அதற்குத் தனி இன்வெர்ட்டர். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றை வைத்தே சமாளிக்கப் பார்த்தது என் தவறு.

ஓய்வுபெற்ற_தீயணைப்பாளர் எழுதியது:

தீயணைப்புப் பணியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 என்று ஒன்று இருக்கிறது. என்.பி.சி. என்பார்கள். அதன் நான்காம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்பு. தப்பும் வழியின் நடுக்கோட்டில் தரைமட்டத்தில் 10 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையாமல் வெளிச்சம் வேண்டும், சின்னக் கட்டடமாக இருந்தாலும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து எரிய வேண்டும் என்கிறது. எங்கெங்கே லைட் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது: வெளியேறும் கதவுகள், காரிடார் திரும்பும் இடங்கள், மாடிப்படியின் ஒவ்வொரு அடுக்குக்கும் நேரடியாக வெளிச்சம் விழும் இடம், தரைமட்டம் மாறும் இடம், கடைசிக் கதவுக்கு வெளியே, அலாரம் பட்டன் பக்கம், தீயணைப்பான் மாட்டியிருக்கும் இடம். பக்கம் என்றால் 2 மீட்டருக்குள்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கட்டடத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். காம்போவா தனித்தனியா என்ற கேள்விக்கு விடை அங்கேயே கிடைக்கும். கதவுக்கு மேல் போர்டும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். அங்கே காம்போ பொருத்தம். மாடிப்படி நடுவில் திரும்பும் இடத்துக்குப் போர்டு எதற்கு? அங்கே இறங்குவதைத் தவிர வேறு வழி ஏது? வெளிச்சம்தான் வேண்டும். அந்தப் பெண் விழுந்தது கதவருகில் இல்லை, படியில். 22 காம்போ என்று எண்ணிக்கை சொன்னவர் படியில் எத்தனை போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

மூன்றுமாடி எழுதியது:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் ஐயா. ஒவ்வொரு மாடியிலும் காரிடாரில் ஐந்து, மீதி ஏழு கீழே ஜவுளிக்கடையில். படித் திருப்பத்தில் ஒன்றுகூட இல்லை.

கோச்சிங்_டீச்சர் எழுதியது:

அக்கா, ஐந்து ரோடு பக்கம் இதே மாதிரி ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடியில் பாடம் எடுக்கிறேன். உங்கள் மாணவிக்கு நேர்ந்ததைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

எங்கள் பிள்ளைகளிடம் ஒரு நாள் கேட்டேன், இந்தக் கட்டடத்தில் எத்தனை படி இருக்கிறது என்று. அறுபது பேரில் நாலு பேர்தான் இரண்டு என்றார்கள். பின்படி ஒன்று இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. தினமும் ஏறுவதும் இறங்குவதும் முன்படியில்தான். இருட்டில் கால் பழகிய பக்கம்தானே போகும்? அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தால் எல்லோரும் பின்படி வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். உங்கள் பயிற்சி மையத்திலும் சொல்லிப் பாருங்கள்.

போர்டில் ஓடும் மனிதர் படம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் ஆங்கில எழுத்து மட்டும் வேண்டாம். ஜவுளிக்கடைக்கு ஓமலூர், வாழப்பாடி பக்கத்திலிருந்தெல்லாம் வயதானவர்கள் வருவார்களே. அந்தப் படம் 1970களின் கடைசியில் ஜப்பானில் யுகியோ ஓட்டா என்பவர் வரைந்தது, 1985இல் உலகத் தரமாக ஏற்றார்கள். பொது அறிவுக் கேள்வியாகப் பிள்ளைகளிடம் கேட்பேன். எழுத்துத் தெரியாதவருக்கும் அது புரியும். கீழே தமிழில் "வெளியே செல்லும் வழி" என்று ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

எலக்ட்ரிகல்_கடை_செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

ஐயா சொன்னதை ஏற்கிறேன். காம்போவை எல்லா இடத்திலும் மாட்டச் சொன்னது தப்புத்தான். இரண்டு கண் வைத்த இந்த மாடலே அமெரிக்கப் பழக்கத்திலிருந்து வந்தது. அங்கே என்.எஃப்.பி.ஏ. 101 என்ற விதிப்படி 6 அங்குல எழுத்து, 90 நிமிட பேட்டரி. அங்கே சிவப்பு எழுத்தும் உண்டு. அதனால்தான் ஆன்லைனில் சிவப்பு காம்போவும் நிறைய வருகிறது. நம் ஊரில் பச்சையே வாங்குங்கள். இங்கே சிவப்பு என்றால் நில் என்றுதான் மனசு சொல்லும்.

போர்டு அளவையும் பார்க்க வேண்டும். உள்ளிருந்து ஒளிரும் போர்டு என்றால் படத்தின் உயரத்தைப் போல 200 மடங்கு தூரம்வரை தெரியும் என்பது ஐரோப்பியக் கணக்கு. வெளி வெளிச்சம் பட்டுத் தெரிகிற தகடு என்றால் 100 மடங்குதான். உங்கள் காரிடார் 24 மீட்டர். ஆக ஒளிரும் போர்டில் படம் 12 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். 10 சென்டிமீட்டர் போர்டு கொஞ்சம் மலிவு, அதைத்தான் தள்ளிவிடுவார்கள். கடையில் ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள். வெளிப் பெட்டியை அளக்காதீர்கள், படத்தை அளங்கள்.

போர்டு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் வகையாக இருக்க வேண்டும். கரண்ட் போனால் மட்டும் எரியும் போர்டும் விற்கிறது. பகலில் கரண்ட் இருக்கும்போதே புகை வந்தால் அது எதற்கு உதவும்? கண்கள் மட்டும் கரண்ட் போனால் எரிந்தால் போதும்.

மூன்றுமாடி எழுதியது:

பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒருவர் லெட் ஆசிட், இன்னொருவர் நிக்கல் காட்மியம், ஆன்லைனில் பார்த்தால் லித்தியம். ஒன்றும் புரியவில்லை.

வயர்மேன்_கொண்டலாம்பட்டி எழுதியது:

சேலத்துக்கு லெட் ஆசிட் வேண்டாம் மேடம். மேல்மாடியில் சித்திரை வெயிலுக்குக் கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் சுடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். காலியாகி அப்படியே கிடந்தாலும் கெட்டுவிடும்.

நிக்கல் காட்மியம் பழையது, முரட்டுப் பொருள். சூடு தாங்கும், எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தாலும் தாங்கும். சூடு தாங்கும் ரகம் என்றே தனியாக வருகிறது, அதைக் கேளுங்கள். காட்மியம் விஷம், செத்ததும் குப்பையில் போடக்கூடாது. 2022இலிருந்து பேட்டரிக் கழிவுக்கு மத்திய அரசின் தனி விதியே இருக்கிறது. விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

லித்தியத்தில் இரண்டு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று எழுதியிருந்தால் வாங்கலாம். எடை குறைவு, ஆயுள் அதிகம், சூட்டையும் ஓரளவு தாங்கும். வெறும் லித்தியம் அயான் என்று மட்டும் எழுதியிருந்தால் கதவுக்கு மேல் மாட்ட எனக்கு மனசு வராது.

இப்போது முக்கியமான கணக்கு. பெட்டியில் 2 x 3 வாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பான். பேட்டரி 3.6 வோல்ட், 900 எம்.ஏ.எச். என்று பின்னால் சின்னதாக இருக்கும். 900 எம்.ஏ.எச். என்றால் 0.9 ஆம்பியர் மணி. 3.6ஐ 0.9ஆல் பெருக்குங்கள், 3.24 வாட் மணி. இரண்டு லைட்டும் சேர்ந்து 6 வாட் இழுத்தால் அரை மணி நேரம் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 90 நிமிடம் எரிய வேண்டுமென்றால் போர்டையும் சேர்த்து 2 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது, அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது. அப்படியானால் ஒன்று லைட் சொன்ன வெளிச்சம் தராது, இல்லை சொன்ன நேரம் எரியாது. இந்தப் பெருக்கலைக் கடையிலேயே செல்போனில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எலக்ட்ரிகல்_கடை_செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

இந்தக் கணக்கை என் கடையில் இருக்கும் மாடல்களுக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாடல் தேறவில்லை. ஒன்று நான் நிறைய விற்றது. இனி அதை எடுக்கப்போவதில்லை.

வயர்மேன்_கொண்டலாம்பட்டி எழுதியது:

அண்ணா, இதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. அடுத்த முறை சாமான் எடுக்க உங்கள் கடைக்குத்தான் வருவேன்.

ஓய்வுபெற்ற_தீயணைப்பாளர் எழுதியது:

எல்லோரும் நல்ல விஷயம் பேசுகிறீர்கள். நான் இரண்டு சொல்ல வேண்டும்.

ஒன்று, புகை. புகை மேலே ஏறி விதானத்தில் தங்கி, அங்கிருந்து திரை இறங்குவது போல இறங்கும். கதவுக்கு மேல் இருக்கும் போர்டுதான் முதலில் மறையும். நாங்கள் உள்ளே போகும்போது தவழ்ந்துதான் போவோம், இடுப்புக்குக் கீழேதான் கொஞ்சம் கண் தெரியும். அதனால் காம்போவை விதானத்தை ஒட்டி மாட்டாதீர்கள். தலை இடிக்காத உயரம், தரையிலிருந்து 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போதும். சுவரின் அடிப்பக்கத்திலும் படி விளிம்பிலும் இருட்டில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். அது வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் கொடுப்பது. பகல் முழுக்க இருட்டாகக் கிடக்கும் படியில் ஒட்டினால் பயன் இல்லை.

இரண்டாவதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. பின்படி சந்துக்கு இறங்குகிறது என்றீர்கள். கீழே என்ன கதவு? ஷட்டரா? பூட்டா? சாவி யாரிடம்?

1997இல் டெல்லி உபஹார் தியேட்டரில் 59 பேர் போனார்கள். உள்ளே இருட்டு, வழிகாட்டும் விளக்குகள் எரியவில்லை, வழிகள் அடைபட்டிருந்தன. 2004இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் நான் முதலில் பார்ப்பது பின்கதவைத்தான். பூட்டின கதவுக்கு மேல் பச்சை போர்டு எரிந்தால், அதை நம்பி ஓடிவருபவரை நாமே ஒரு மூலையில் கொண்டுபோய் அடைத்துவைத்தது போல ஆகும். போர்டு வாங்குவதற்கு முன் அந்தக் கதவைச் சரிசெய்யுங்கள் அம்மா.

மூன்றுமாடி எழுதியது:

ஐயா, ஷட்டர்தான். பூட்டுத்தான். சாவி ஜவுளிக்கடை மேனேஜரிடம். திருட்டுப் பயத்தால் அப்பா காலத்திலிருந்தே அப்படி.

நாளைக்கே பேசுகிறேன்.

கோச்சிங்_டீச்சர் எழுதியது:

அக்கா, உள்ளேயிருந்து தள்ளினால் திறந்து, வெளியேயிருந்து சாவியில்லாமல் திறக்காத கதவு இருக்கிறது. குறுக்கே ஒரு கம்பி இருக்கும், உடம்பு பட்டாலே போதும். எங்கள் கட்டடத்தில் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். திருட்டுப் பயமும் இல்லை.

மஞ்சக்குட்டை_விடுதி எழுதியது:

சோதனை பற்றியும் பேசிவிடலாம். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது, வருடம் ஒரு முறை முழுக்க 90 நிமிடம் எரியவிட்டுப் பார்ப்பது என்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். நான் முழுச் சோதனையை ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் செய்வதில்லை. காலியான பேட்டரி முழுக்க ஏற ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும், அன்றைக்கு ராத்திரி கரண்ட் போனால் கட்டடமே குருடு. ஒன்றுவிட்டு ஒன்றாகச் செய்வேன். மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால் முடித்துவிடுவேன், அப்போதுதான் அறைகள் நிரம்பும்.

சேலத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு மின்வாரியம் கரண்டை எடுக்குமே, அன்று என்ன செய்வீர்கள்?

வயர்மேன்_கொண்டலாம்பட்டி எழுதியது:

நல்ல கேள்வி கேட்டீர்கள். அன்றைக்கு ஒன்பது மணிக்கு முன்னாலேயே ஜெனரேட்டரை ஓடவிட்டுவிட வேண்டும் மேடம். இல்லையென்றால் பத்தரைக்கெல்லாம் எல்லா எமர்ஜென்சி லைட்டும் காலி. கரண்ட் திரும்பி வந்தாலும் சாயங்காலம் கூட்டம் வரும் நேரத்தில் பேட்டரி பாதிகூட ஏறியிருக்காது. சிலர் பராமரிப்பு நாளையே டெஸ்ட் நாளாக வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடம் எரியவிட்டு எல்லாம் எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஜெனரேட்டரை எடுத்தால் சரி.

அப்புறம் ஆடி மாதம். தள்ளுபடி ஃபிளெக்ஸை எக்ஸிட் போர்டுக்கு முன்னால் கட்டித் தொங்கவிடுவார்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் நகரத்தில் நிறைந்திருக்கும் நேரம் அது. வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், போர்டை மறைக்கக்கூடாது என்று.

மூன்றுமாடி எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் எனக்காக நேரம் ஒதுக்கி எழுதினீர்கள், என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

முதலில் கதவு. ஷட்டர் இருக்கிறது, ஆனால் ஆட்கள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க ஏற்றியே இருக்கும். அதற்கு உள்பக்கம் தள்ளுகம்பிக் கதவு போட்டாயிற்று. ஜவுளிக்கடை மேனேஜர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

காம்போ 10 வாங்கினோம், கதவுகளுக்கு மேல் மட்டும். காரிடார் நடுவில் இரண்டு பக்கமும் தெரிகிற தொங்கும் போர்டு மாடிக்கு ஒன்று. படித் திருப்பங்களுக்கும் சந்துக் கதவுக்கு வெளியேயும் போர்டு இல்லாத தனி லைட் 7. எல்லாம் நிக்கல் காட்மியம், சூடு தாங்கும் ரகம். மெயினை இறக்கினாலும் பொது வழி லைட்களுக்குக் கரண்ட் இருக்கும்படி வயர்மேன் அண்ணன் தனியாகப் பிரித்துக் கொடுத்தார். ஆமாம், கொண்டலாம்பட்டியிலிருந்து அவரே வந்தார்.

போன ஞாயிறு ராத்திரி, யாரும் இல்லாத நேரத்தில் சோதனை. ஒவ்வொரு மாடியாக எம்.சி.பி.யை இறக்கி, லக்ஸ் மீட்டரைத் தரையில் வைத்து அளந்தோம். கதவருகில் 20க்கு மேல். ஆனால் இரண்டாவது மாடிக் காரிடாரில் கதவுக்கும் நடுப் போர்டுக்கும் இடையே 3 லக்ஸ்தான் காட்டியது. அண்ணன் காகிதத்தில் வரைந்து காட்டினார். இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும் லைட் நேர்க்கீழே கொடுக்கும் வெளிச்சத்தில், ஐந்து மீட்டர் தள்ளித் தரையில் விழுவது பதினொன்றில் ஒரு பங்குதானாம், எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஒளி வீசினாலும். கண்கள் இரண்டும் நேராகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றைக் காரிடார் பக்கம் திருப்பினோம், 7 ஆனது. போதவில்லை. மாடிக்கு ஒரு தனி லைட் கூடுதலாகப் போட்ட பிறகுதான் 12 வந்தது.

பிறகு அந்தப் பெண் விழுந்த படிக்குப் போனேன். இருட்டில், அந்த ஒரு லைட் மட்டும். மேலிருந்து கீழே ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரிந்தது. ஒளிரும் பட்டை கோடு கோடாகக் கீழே இறங்கிப்போனது. கைப்பிடியைப் பிடிக்காமலேயே இறங்கினேன்.

கோச்சிங்_டீச்சர் எழுதியது:

அக்கா, அந்த மாணவியின் கை எப்படி இருக்கிறது?

மூன்றுமாடி எழுதியது:

கட்டுப் பிரித்தாயிற்று. வகுப்புக்கு வருகிறாள். வெள்ளிக்கிழமைகளில் பின்படியில் முதல் ஆளாக இறங்குவது அவள்தான்.

ஒரே ஒரு குறை மிச்சம் இருக்கிறது. 90 நிமிடச் சோதனையில் மூன்றாவது மாடி அரங்குக் கதவின் காம்போ 52 நிமிடத்தில் அணைந்துவிட்டது. கடை அண்ணனிடம் சொன்னேன், திங்கட்கிழமை வேறு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எலக்ட்ரிகல்_கடை_செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

திங்கள் காலை பத்து மணிக்குள் பையன் கொண்டுவருவான் மேடம். பழையதை அவனிடமே கொடுத்துவிடுங்கள், பேட்டரியோடு. புதியதை மாட்டி 24 மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டு அப்புறம் சோதனை செய்யுங்கள். அதுவரை அரங்கை யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள்.

மூன்றுமாடி எழுதியது:

சனிக்கிழமை ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.